பச்சையம்மாவைக் காட்சிக்கு வைத்த கிடங்கு

போன மாதம் சென்னையில் ஒரு காபிக் கடைக்கு என் மகள் என்னை அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றியது, பூச்சு வேலை பாதியில் இருக்கும்போதே கொத்தனாருக்கும் கடைக்காரருக்கும் ஏதோ தகராறு வந்துவிட்டது என்றுதான். சுவர் முழுக்கச் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே துருப்பிடித்த குழாய்கள், கம்பிக் கூண்டுக்குள் ஒரு மஞ்சள் பல்பு. "வேணும்னேதாம்பா இப்படி வச்சிருக்காங்க. பழைய கோடவுன் மாதிரி" என்றாள் மகள். காபி நுரையின்மேல் ஒரு இலை வரைந்து கொண்டுவந்து வைத்தார்கள். நான் அந்த இலையை ஸ்பூனால் கலைத்துவிட்டுக் குடித்தேன். எதிரில் ஒரு ஜோடி செங்கல் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. சட்டையில் செம்மண் ஒட்டும், தட்டிவிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முறைத்தாள்.

கிடங்குக்கு ஆசைப்படுகிறவர்களை நான் முதலில் பார்த்தது அங்கே அல்ல, ஆரணியில். உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர்போன எங்கள் ஊரில், இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில், கொஞ்ச காலம் ஒரு 'கலைத்தெரு' இருந்தது.

தெரு என்பது சற்று பெரிய வார்த்தை. செய்யாறு ரோட்டில் ஒரே முதலாளிக்குச் சொந்தமான ஐந்து கிடங்குகள் வரிசையாக நின்றன. பெரியவர் காலமானார். மகன் வியாபாரத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார். பேரன் விக்ரம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, பூட்டிக் கிடந்த கிடங்குகளைத் திறந்து, ஓவியர்களைக் குடிவைத்தான். சென்னையிலிருந்து இரண்டு பேர், பெங்களூரிலிருந்து ஒரு பெண், எந்த ஊர் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடாத ஒரு தாடிக்காரர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கிடங்குகளும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. அதைக் கோணித் துணியில் அச்சடித்திருந்தார்கள். கையில் வாங்கிய ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் ஒரு தடவை உதறிப் பார்த்தார்கள். நான் அப்போது இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. இரண்டு பத்திரிகைகளில் கட்டுரை வந்திருந்ததால் ஊரில் எனக்கு எழுத்தாளர் என்று பேர். அதனால் எனக்கும் ஒரு கோணித் துண்டு.

துணைக்கு நண்பர் தரணேந்திரனை அழைத்துக்கொண்டேன். அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குமுன் சாப்பிட்டு முடித்துவிடுகிறவர். வாசலிலேயே ஒரு பெண் மண் குவளையில் ஏதோ பானகத்தை நீட்டினாள். "விளக்கு வச்சப்பறம் தண்ணிகூட வேணாங்க" என்றார் அவர். அவள் அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையசைத்தாள்.

வாசலில் எலுமிச்சம்புல் தைலம் தெளித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சுவர்களின் வாடை என்ன என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு, அந்த மூன்றாவது கிடங்கில்தான் மூன்றரை வருஷம் கணக்குப்பிள்ளைக்கு உதவியாக இருந்தேன். கச்சாப் பட்டுக்கு ஒரு வாடை உண்டு. நெத்திலிக் கருவாட்டுக்கும் மழையில் நனைந்த நாய்க்கும் நடுவில் எங்கோ இருக்கும். கல்யாணத்தில் பட்டுச் சேலையை மோந்து பார்த்துச் சொக்குகிறவர்கள் ஒரு நாள் அந்தக் கிடங்கில் நின்றிருக்க வேண்டும். நான் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள்.

முதல் கிடங்கில் பழைய தறியின் கட்டைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் மணல். மணலில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். தரணேந்திரன் என் கையைப் பிடித்து இழுத்தார். "யாருக்கோ வச்சிருக்காங்க போல. தாண்டாம சுத்தி வாங்க." இரண்டாவது கிடங்கில் பெங்களூர்ப் பெண்ணின் ஓவியங்கள். முதல் படம் நீலம். அடுத்ததும் நீலம். அதற்கடுத்தது கொஞ்சம் அழுக்கு நீலம். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொன்றின் முன்னும் முகவாயைத் தடவிக்கொண்டு நின்றார்கள். அதே கிடங்கில் சாயம் கலக்கியவர்களின் கைகள் முழங்கை வரை நீலமாக இருந்ததைப் பார்த்து ஒருவரும் முகவாயைத் தடவியதில்லை. அவர்கள் சோறு தின்னும்போது நாங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். எங்களுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது கிடங்குக்கு வந்தோம்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் இடத்தை ஊரில் ட்விஸ்டிங் என்பார்கள். மூன்றாவது கிடங்கில் நீளமான மெஷின்கள் வரிசையாக ஓடும். பன்னிரண்டு பெண்கள் அவற்றுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பார்கள். எங்காவது இழை அறுந்தால் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. "ஒக்காந்தா தூக்கம் வரும். தூங்குனா நூலு போய்டும்" என்பது மேஸ்திரி ஏகாம்பரத்தின் சித்தாந்தம். அவர் அதைப் பிரம்பு நாற்காலியில், மெத்தை போட்டு உட்கார்ந்தபடி சொல்வார்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பச்சையம்மா. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பெரணமல்லூர் பஸ்ஸில் வந்து போவாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிப் புடைத்திருக்கும். அந்த மெஷின் இரைச்சலை மீறிப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். பஸ் கண்டக்டரின் மச்சினிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். கால் வலிக்கிறது, உட்கார ஏதாவது போடுங்கள் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். கம்பெனியில் அதெல்லாம் கிடையாது என்றார் மேஸ்திரி. ஒரு திங்கட்கிழமை தலையில் ஒரு மர முக்காலியோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள்.

"இது இன்னாது?" என்றார் மேஸ்திரி.

"முக்காலிங்க."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"கம்பெனில இல்லன்னு சொன்னீங்க. ஊட்லேந்து எடுத்தாந்தேன். நூலு அறுந்தா எழுந்துக்கறேன், அறாதப்ப ஒக்காந்துக்கறேன். உங்க நூலு இன்னா என் மூஞ்சிய பாத்துகினா முறுக்கேறுது?"

மேஸ்திரி முக்காலியைக் காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் உட்கார எதையோ எடுத்துவந்தார்கள். வார முடிவில் பன்னிரண்டு பேரும். பெயிண்ட் டப்பா, கவிழ்த்த பக்கெட், ஒருத்தி பிள்ளை உட்கார்ந்து படிக்கிற குட்டி பெஞ்சு. அந்த ஆறு நாளும் அவர்கள் உட்கார்ந்தும் எழுந்தும் வேலை செய்தார்கள். நூல் ஒன்றும் கூடுதலாக அறவில்லை. அறுந்த இழைகளின் கணக்கை எழுதியவன் என்பதால் எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்லும் வழக்கமும் எனக்கு இல்லை.

ஏழாம் நாள் மேஸ்திரி எல்லாவற்றையும் வாரிச் சாயக் கிடங்கில் போட்டுப் பூட்டினார். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்கள். முதலாளி வந்தார். மன்னிப்புக் கடிதத்தில் கைநாட்டு வைப்பவர்கள் உள்ளே போகலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். கடிதம் எழுத ஆள் வேண்டுமே. "நாலு வரி போதும்பா, ஜல்தியா எழுது" என்றார் மேஸ்திரி.

நான் நாலு வரி எழுதவில்லை. இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் காது சூடாகிறது. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கியவன் நான். இரண்டு தடவை எழுதிக் கிழித்து, மூன்றாவதாக நல்ல தாளில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். 'அன்னப்பறவை நீரையும் பாலையும் பிரிப்பதுபோல் நன்மை தீமையைப் பிரித்தறியும் அறிவு பேதையராகிய எங்களுக்கு இல்லாமற்போயிற்று. பச்சையம்மாள் என்பவரின் துர்ப்போதனையால் மதிமயங்கி, நின்று செய்ய வேண்டிய வேலையை அமர்ந்து செய்யத் துணிந்த பிழையைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.' அன்னப்பறவையை யாரும் கேட்கவில்லை. துர்ப்போதனையையும் கேட்கவில்லை. அவை நானாகப் போட்டவை.

வாசலில் நின்று அதை உரக்கப் படித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கத்தோடுதான். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் கண்ணீர் அது என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. பதினோரு பேர் வந்து கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார்கள். பச்சையம்மா வைக்கவில்லை. சாயக் கிடங்கைத் திறக்கச் சொல்லி, தன் முக்காலியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். "கல்யாணப் பத்திரிகை கணக்கா எழுதிகீற" என்று மேஸ்திரி என் முதுகில் தட்டினார். இரண்டு நாள் நான் சந்தோஷமாகத் திரிந்தேன். பிறகு அந்தப் பதினோரு பேரும் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவது புரிந்தது. களம்பூர் ரைஸ்மில்லில் பச்சையம்மா வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். நான் அவளை மறந்துவிட முயன்றேன், பெரும்பாலும் முடிந்தது.

இப்போது அந்த மூன்றாவது கிடங்கின் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'அவருடன் பேச வேண்டாம். அவருடைய மௌனத்தைக் கேளுங்கள்.'

உள்ளே இருட்டு. நடுவில் ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே உயரமான நாற்காலியில், அரக்குப் பட்டு கட்டி, கைராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டு பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. மூக்குத்தி இரண்டும் அப்படியே இருந்தன. அவளுக்குப் பின்னால், கூரையிலிருந்து தரைவரை, ஏதோ பழைய கடிதம் ஒன்றைத் துணியில் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கைநாட்டும் தாம்பாளத் தட்டு அளவு. அந்த எழுத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. 'அ'வின் சுழியைக் கொஞ்சம் அலங்காரமாக இழுப்பது என் பழக்கம். ஒவ்வொரு சுழியும் இப்போது ஒரு முழம் இருந்தது.

விக்ரம் நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ஆபீஸ் அறையில் கிடைத்த பழைய தாளாம். "இந்தக் கோடவுன்ல வேலை செஞ்ச பெண்களோட கோரிக்கை மனு. அவங்க குரல்." அவனுக்குத் தமிழ் பேச வரும், கையெழுத்துப் படிக்க வராது. அந்த நாலைந்து பேரும் கைநாட்டுகளின் ரேகைகளை ரசித்தார்கள். ஆற்றுப்படுகை மாதிரி இருக்கிறது என்றார் ஒரு அம்மா. இன்னொருவர் மரத்தின் வயதுவளையம் என்றார். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். படிக்க வேண்டிய பொருள் அது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் நகர்ந்ததும் பச்சையம்மா உதட்டை அசைக்காமல் பேசினாள். "தம்பி, நீ அந்த எழுத்துக்காரத் தம்பி இல்ல?"

"ஆமாங்க்கா."

"மெதுவா பேசு. வாய தொறக்கக் கூடாதுன்னு சொல்லிகீறானுங்க. மத்தியானத்துலேந்து மூடிகினு கீறேன், நாக்கு மரத்துப்போச்சி."

"இதுக்கு ஏங்க்கா ஒத்துக்கினீங்க?"

"எங்க தெருவுல வந்து மொகம் பாத்து ஆளு எடுத்துகினு போனானுங்க. ஒக்காந்துகினு செய்ற வேலைன்னாங்க. எங்கன்னு கேட்டேன், இங்கன்னாங்க. சரி, அந்த எடத்துல ஒரு நாளு ஒக்காந்துதான் பாக்கலாமேன்னு வந்தேன்." ராட்டினம் நிற்கவில்லை. "பின்னாடி தொங்குதே கடுதாசி, அதுல இன்னா எழுதிகீது? அந்தப் புள்ளாண்டான கேட்டா, உங்கள பத்திதாம்மான்னு சொல்லிட்டுப் போறான்."

பொய் சொல்லியிருக்கலாம். கோரிக்கை மனு என்று விக்ரம் சொன்னதையே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் தரணேந்திரன், விடைத்தாள் திருத்துகிறவரைப்போல மேலிருந்து கீழ்வரை முழுக்கப் படித்து முடித்து, என் பக்கம் திரும்பினார். "இது உங்க கையெழுத்தாச்சே" என்றார்.

ஆகவே இதை என் தைரியக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வேறு வழியில்லாமல்தான் படித்தேன். இந்தத் தடவை ஏற்ற இறக்கம் இல்லை. அன்னப்பறவையை வேகமாகத் தாண்டினேன். துர்ப்போதனை என்ற சொல்லை அவள் திரும்பக் கேட்டாள். "அப்டின்னா?"

"கெட்ட புத்தி சொல்லிக் குடுக்கறது."

ராட்டினம் நின்றது. அவள் நாற்காலியிலேயே திரும்பி அந்தத் துணியை அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு கைநாட்டாகப் பார்த்தாள். யார் யாருடையது என்று தேடினாள் என்று நினைக்கிறேன்.

பிறகு சத்தமாகவே கூப்பிட்டாள். "தம்பி, இங்க வா. இத கழட்டு."

விக்ரம் ஓடிவந்தான். "அம்மா, ப்ளீஸ், பேசக் கூடாது. அதுதான் மெயின் பீஸ்."

"என்னிய வெரட்டறதுக்கு வச்ச கைநாட்டு இது. இதுக்குக் கீழ என்னிய பட்டு கட்டி ஒக்கார வச்சிகீறியே, இது நல்லாவா கீது? கழட்டு."

அவன் என்னைப் பார்த்தான். "இது பெட்டிஷன்தானே சார்?"

"இல்லைங்க. மன்னிப்புக் கடிதம். அவங்கமேல பழி போட்டு எழுதினது. எழுதினவன் நான்தான்."

அவன் ஒரு கணம் யோசித்தான். முகத்தில் வெட்கமோ வருத்தமோ வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. கண் விரிந்தது. "வாவ்" என்றான். "அப்ப நீங்களும் அவங்க பக்கத்துல நிக்க முடியுமா சார்?"

வாழ்க்கையில் பல பேரை நான் மட்டமாக நினைத்திருக்கிறேன், காரணம் இல்லாமலும். ஆனால் அந்தக் கணத்தில் அவன்மேல் வந்த இளக்காரம் சுத்தமானது. அதில் ஒரு குறை என்னவென்றால், அவனை அறைய என்னிடம் கை இல்லை. அந்தக் கடிதத்தைப் பெரிதாக்கியவன் மட்டும்தான் அவன். எழுதியவன் நான்.

தரணேந்திரன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த ஏணியை இழுத்துவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணியை இறக்கிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தார். "சார், சார்" என்று விக்ரம் கீழே சுற்றிச் சுற்றி வந்தான். "கீழ பிடிங்க தம்பி, ஏணி ஆடுது" என்றார் அவர். விக்ரம் பிடித்துக்கொண்டான்.

பச்சையம்மா போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி நேராக உட்கார்ந்தாள். "ஏழரை வரைக்கும் இருக்கறேன்னு ஒத்துக்கினேன். இருக்கறேன். ஆனா பேசிகினுதான் இருப்பேன்."

பேசினாள். மௌனத்தைக் கேட்க வந்தவர்களிடம் கச்சாப் பட்டின் வாடையைப் பற்றிப் பேசினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்கால் நரம்பைக் காட்டினாள். ஆறு நாள் உட்கார்ந்த கதையை, மேஸ்திரியின் குரலிலேயே சொன்னாள். குறிப்பெடுக்க நோட்டோடு வந்த அம்மா நோட்டை மூடினார். சென்னைக்காரர்கள் மெதுவாக நீலப் படங்களின் பக்கம் ஒதுங்கினார்கள். வாட்ச்மேனும், உள்ளூர் ஜவுளிக்கடை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் மட்டும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். மேஸ்திரியின் பிரம்பு நாற்காலி வந்த இடத்தில் அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு அடுத்த கிடங்குவரை கேட்டிருக்கும். அன்றைக்கு அந்தக் கலைத்தெருவில் யாராவது யாருக்காவது எதையாவது காட்டினார்கள் என்றால் அது அங்கே மட்டும்தான்.

ஏழரை மணிக்குப் பட்டுச் சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தன் நூல் சேலையோடு வந்தாள். பஸ் நிற்குமிடம்வரை கூட நடந்தேன். தரணேந்திரன் சற்றுப் பின்தங்கி வந்தார், வேண்டுமென்றேதான்.

"அக்கா, அன்னிக்கு நான் அப்டி எழுதியிருக்கக் கூடாது."

"நீதான் எழுதினன்னு அப்பவே தெரியும். கதவாண்ட நின்னு கேட்டேனே. இன்னா எழுதினன்னு அன்னிக்கு பாதிதான் புரிஞ்சிது." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் எழுதியிருந்த தம்பி. அதான் பேஜாரே. சுமாரா எழுதியிருந்தின்னா பாதி பேரு கை வச்சிருக்க மாட்டாளுங்க."

பெரணமல்லூர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்தில் இருந்தவளிடம் உடனே ஏதோ பேச ஆரம்பித்தாள். பஸ் கிளம்பும்போது என் பக்கம் திரும்பவில்லை. மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நானாக ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்வதும் சரியில்லை. அந்த வேலையை அவள் விஷயத்தில் ஒரு தடவை செய்தாயிற்று.

கலைத்தெரு அடுத்த கோடையைத் தாண்டவில்லை. தகரக் கூரையின் கீழே ஆரணி வெயிலில் ஓவியம் வரைவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. தாடிக்காரர் முதலில் போனார். விக்ரம் பெங்களூரில் ஏதோ ஹோட்டலுக்கு உள் அலங்காரம் செய்கிறான் என்று கேள்வி. கிடங்குகளை இடித்துச் செங்கல்லை லாரியில் ஏற்றிப் போனார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மூன்றாவது கிடங்கு எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் என்னாலும் காட்ட முடியாது. மேஸ்திரி இல்லை. தரணேந்திரன் ஓய்வுபெற்று மகனோடு போய்விட்டார்.

சில வருஷம் கழித்து ஒரு பாலிசி விஷயமாகப் பெரணமல்லூர்ப் பக்கம் போனேன். பச்சையம்மாவின் ஊர் வழியில்தான். இறங்கி, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். செய்யாறு ஷூ கம்பெனியின் அடையாள அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரம்.

"பச்சையம்மான்னு ஒருத்தங்க, வீடு எங்கம்மா?"

"எந்தப் பச்சையம்மாங்க? இங்க ஊட்டுக்கு ஒரு பச்சையம்மா கீறாங்க."

"ஆரணி ட்விஸ்டிங்ல வேலை செஞ்சாங்களே, அவங்க."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"ட்விஸ்டிங்னா இன்னாங்க?" என்றாள்.